மாணவர் அறிந்த இயங்குதளம்

பழுதுபட்ட சாதனத்தைக் கைவிடுவது இயல்பு. பழுது ஏதுமில்லாத சாதனம் ஒன்று, அதனுள் இயங்கும் மென்பொருளை ஆக்கியவர்களின் முடிவினால் பயனற்றதாகும் நிலை வரும்போது, அதனை நம்பிப் பணிபுரிபவர்கள் திகைப்படைவதும் இயல்பே. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியன்று உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளுக்கு இந்நிலை ஏற்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளியிட்ட விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அதுவரை அளித்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை அன்றுடன் நிறுத்திக்கொண்டது. விரும்புவோர் பதிவு செய்துகொண்டு மேலும் ஓராண்டுக் காலம் திருத்தங்களைப் பெறலாம் என்று அறிவிக்கப்பட்டதாயினும், அது தவணையை நீட்டிப்பதேயன்றித் தீர்வாகாது. அடுத்ததாகிய விண்டோஸ் 11-ஐ ஏற்பதற்கு டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும், ஒரு குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட செயலியும் கணினியில் இருத்தல் வேண்டும். 2017-ஆம் ஆண்டுக்கு முன் வாங்கப்பட்ட மடிக்கணினிகளில் மிகப் பெரும்பாலானவை இந்நிபந்தனைகளை நிறைவேற்றுவதில்லை.

திருத்தங்கள் நின்றுவிட்டால் கணினி நின்றுவிடுவதில்லை. அது முன்போலவே எழுதும், கணக்கிடும், பாடும். ஆகையினால்தான் இவ்வபாயம் எளிதில் கண்ணுக்குப் புலனாவதில்லை. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வானாக்ரை என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணயத்தொகை கேட்டபோது, அதற்குரிய திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. அதனைப் பெறாத கணினிகளே பெரிதும் சிக்கின. அவ்வாறு சிக்கியவை இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் மட்டுமே இருக்கவில்லை. கேரளத்தில் வயநாட்டிலும் பத்தனந்திட்டையிலும் உள்ள கிராமப் பஞ்சாயத்து அலுவலகங்களிலும், பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் இருந்தன. மலைப்புறத்தின் ஒரு சிற்றலுவலகத்தை யார் தேடி வந்து தாக்கப்போகிறார் என்னும் நம்பிக்கைக்கு அவ்வாண்டிலேயே இடமில்லாது போயிற்று. இத்தகைய மென்பொருள் முகவரி பார்த்து வருவதில்லை. திறந்த கதவு எங்குள்ளதோ அங்கு நுழைகிறது.

இந்நிலையில் பழைய கணினியை உடைய ஆசிரியர் அல்லது களப்பணியாளர் முன் மூன்று வழிகள் உள்ளன. புதிய கணினி வாங்கலாம். அபாயத்தை ஏற்றுப் பழையபடியே இருக்கலாம். அல்லது கணினியை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மாற்றி லினக்ஸை நிறுவலாம். முதல் வழி ஒரு மாதச் சம்பளத்தின் பெரும் பகுதியை விழுங்கும். இரண்டாவது வழியில் மாணவரின் மதிப்பெண் பதிவேடுகளும் பயனாளிகளின் விவரங்களும் பணயம் வைக்கப்படுகின்றன. அவை கணினியின் சொந்தக்காரருக்கு மட்டுமே உரியவை அல்ல. மூன்றாவது வழி அந்நியமானது, கடினமானது, நிபுணர்களுக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். வேறெங்கு இவ்வெண்ணம் பொருந்துமாயினும் தேவிகுளம் தாலுகாவில் அது பொருந்தாது.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்த தேவிகுளமும் அதனைச் சுற்றிய மூணாறு, மறையூர், காந்தளூர், வட்டவடை முதலிய ஊர்களும் 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது கேரளத்துடன் இருத்தப்பட்டன. தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் உழைக்கும் மக்களுள் பெருந்தொகையினர் தமிழர். அவர்களின் பிள்ளைகள் பலர் தமிழ்வழியிலேயே பயில்கின்றனர். ஆனால் அவர்கள் பயிலும் பாடத்திட்டம் கேரள மாநிலத்தினுடையது. அம்மாநிலத்தின் பள்ளிக் கணினிக் கூடங்களில் இயங்குவது விண்டோஸ் அன்று, லினக்ஸ்.

இது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. கேரள அரசு ஐ.டி. அட் ஸ்கூல் என்னும் திட்டத்தை 2001-ஆம் ஆண்டளவில் தொடங்கியபோது பள்ளிகளில் இருந்தது விண்டோஸே. பொதுப் பணத்தில் நடைபெறும் பள்ளிகள் ஒரு நிறுவனத்தின் சரக்கையே மாணவருக்குக் கற்பிக்கலாமா என்னும் விவாதம் எழுந்தது. ஆசிரியர் சங்கங்களும் அதில் பங்கு கொண்டன. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் பத்தாம் வகுப்புத் தேர்வின் கணினிச் செய்முறைப் பகுதி முழுவதும் லினக்ஸுக்கு மாறிற்று. அத்திட்டம் 2017-இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக அமைக்கப்பட்டது. 2018-இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினிகளும் படவீழ்த்திக் கருவிகளும் வழங்கப்பட்டன. அவற்றிலும் லினக்ஸே நிறுவப்பட்டது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளில் உரிமம் பெறவேண்டிய மென்பொருளைத் தவிர்த்ததனால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாயிற்று என்று 2019-இல் கைட் நிறுவனம் மதிப்பிட்டது. இம்மதிப்பீடு ஒவ்வொரு கணினிக்கும் ஒன்றரை லட்ச ரூபாய்க்கான மென்பொருள் வாங்கியிருக்க வேண்டும் என்னும் கணக்கில் செய்யப்பட்டது. எந்தப் பள்ளியும் அவ்வளவு வாங்கியிருக்குமா என்பது ஐயத்துக்குரியதே. அத்தொகையில் பத்தில் ஒரு பங்கே மிச்சமாயிற்று என்று கொண்டாலும் அது சிறியதன்று.

அண்டையிலுள்ள தமிழ்நாட்டின் அநுபவம் இதனுடன் ஒப்பிடத் தக்கது. அங்கு 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன், சீடாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. இரண்டும் அருகருகே இருந்தால் மாணவர் இரண்டையும் கற்பர் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் ஒரு கணினியில் இரண்டு கதவுகள் இருப்பின் மனிதர் பழகிய கதவின் வழியாகவே நுழைவர். தேவிகுளத்துப் பிள்ளைக்கு லினக்ஸைக் கற்பித்தது கணினி அன்று, தேர்வு. பாடநூலும் செய்முறைத் தேர்வும் அதிலேயே அமைந்தமையால் அது பழக்கமாயிற்று.

இதனால் ஒரு விசித்திரமான நிலை உண்டாகியிருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஜியோஜீப்ராவில் முக்கோணம் வரைவாள். கிம்ப் மென்பொருளில் படத்தைத் திருத்துவாள். 2018 முதல் செயற்பட்டு வரும் லிட்டில் கைட்ஸ் சங்கத்தில் சேர்ந்திருப்பின் இயங்குதளத்தை நிறுவும் முறையையும் கண்டிருப்பாள். அவளுடைய ஆசிரியரோ கணினிக் கூடத்தில் லினக்ஸையும் இல்லத்தில் விண்டோஸையும் கையாள்வார். கூடத்திலுள்ள கணினி பழுதானால் கணினிப் பொறுப்பாசிரியரை அழைப்பார். இல்லத்திலுள்ளது பழுதானால் கடைக்கு எடுத்துச் செல்வார். கிராம அலுவலகம், வனச்சரகம், ஆரம்பச் சுகாதார நிலையம் ஆகியவற்றின் பணியாளருக்கு அக்கூடத்துப் பழக்கமும் இல்லை. புதியவர் இங்கு பெரியவரே, மூத்தவர் மாணவரே. இதனை இழுக்காகக் கருதும் ஆசிரியர் சிலர் இருக்கலாம். மாணவர் முன்னிலையில் தெரியாது என்று கூறுவதற்குத் தயங்கி, பாதுகாப்பற்ற கணினியில் அவர்களுடைய மதிப்பெண்களைச் சேமித்து வைப்பது அதனினும் பெரிய இழுக்கு என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

லினக்ஸ் என்பது யாது என்பதைச் சுருக்கமாகக் கூறலாம். அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் எவரும் படித்தறியவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை ஆக்கும் குனு என்னும் திட்டத்தை 1983-இல் அறிவித்தார். அதற்கு வேண்டிய கருவிகள் பல உருவாயின. நடுவில் இருந்து யந்திரத்தை இயக்கும் கருவகம் மட்டும் முற்றுப்பெறவில்லை. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரும் அப்போது 21 வயதினருமான லினஸ் டோர்வால்ட்ஸ் அத்தகைய கருவகம் ஒன்றை எழுதி வெளியிட்டார். இரண்டும் இணைந்து உருவானதே இன்றைய லினக்ஸ். அதனைத் தொகுத்து வழங்குவோர் பலர். உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் என்பன அத்தொகுப்புகளின் பெயர்கள். கேரளப் பள்ளிகளில் உள்ளது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் தொகுத்ததாகும்.

இத்தகைய மென்பொருளை இலவச மென்பொருள் என்று தமிழில் பலர் வழங்குவது பொருளைக் குறைத்துவிடுகிறது. விலையின்மை அதன் விளைவுகளுள் ஒன்று. அதன் சாரம் உரிமை. மலையாளத்தார் ஸ்வதந்த்ர சோப்ட்வேர் என்று தொடக்கத்திலேயே சரியான சொல்லைப் பற்றிக்கொண்டனர். தமிழில் கட்டற்ற மென்பொருள் என்னும் தொடர் நிலைபெற்று வருகிறது. சொல்லாராய்ச்சி வீண் என்று கருதுவோர், மலைப்பகுதியின் ஓர் அன்றாடக் காரியத்தை நினைத்துப் பார்க்கலாம். லினக்ஸ் மின்ட் தொகுப்பு ஏறத்தாழ 3 ஜிகாபைட் அளவும், உபுண்டு ஏறத்தாழ 6 ஜிகாபைட் அளவும் உடையவை. இணைப்பு நலிந்த தோட்டக் குடியிருப்பில் இவற்றை இறக்கிக்கொள்வது ஓர் இரவின் வேலை. இடையில் அறுந்துபோனால் மறு இரவும் ஆகும். ஆனால் மூணாற்றில் ஒருவர் இறக்கி வைத்திருப்பின் அதனைப் பென் டிரைவில் எழுதி வட்டவடைக்கும், அங்கிருந்து எத்தனை பேருக்கு வேண்டுமாயினும் கொடுக்கலாம். அவ்வாறு கொடுப்பது களவன்று; உரிமத்திலேயே அளிக்கப்பட்ட உரிமை. விண்டோஸின் திருட்டுப் பிரதிகள் கைமாறுவதையே கண்டு பழகியவர்களுக்கு இவ்வேறுபாட்டைக் கூறவேண்டியிருக்கிறது.

மாற்றத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதே புதியவர்கள் பெரிதும் தவறும் இடம். இயங்குதளத்தை முதலில் மாற்றிவிட்டு, பின்னர் ஒவ்வொரு வேலைக்கும் புதுமென்பொருளைத் தேடி அலைந்து, ஒரு வாரத்துக்குள் சலித்துத் திரும்புவோர் பலர். பிரெஞ்சு நாட்டின் ஜாந்தார்மரி என்னும் காவற்படை இதற்கு மாறான வழியைக் கைக்கொண்டது. 2005-ஆம் ஆண்டளவில் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு அலுவலக மென்பொருளை மட்டும் ஓப்பன் ஆபீஸுக்கு மாற்றினர். அடுத்து இணைய உலாவியையும் அஞ்சல் மென்பொருளையும் மாற்றினர். பணியாளர்கள் அவற்றில் தேர்ந்த பின்னரே 2008 முதல் உபுண்டுவை நிறுவத் தொடங்கினர். இன்று அப்படையில் ஏறத்தாழ ஒரு லட்சம் கணினிகள் லினக்ஸில் இயங்குகின்றன. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியோ 2003-இல் முடிவெடுத்து 2013 வரை உழைத்து மாற்றத்தை நிறைவேற்றியும், 2017-இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானித்தது. அங்கு அரசியல் காரணங்களும் இருந்தன. பிற அலுவலகங்களுடன் ஆவணம் பரிமாறுவதில் பணியாளருக்கு நேர்ந்த தொல்லைகளும் கூறப்பட்டன. இவ்விரண்டினின்றும் தனி மனிதர் அறியத்தக்கது ஒன்றே: லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ், வி.எல்.சி. ஆகியவற்றை விண்டோஸிலேயே நிறுவி ஒரு பருவம் முழுவதும் அவற்றிலேயே வேலை செய்தல் வேண்டும். அதன்பின் இயங்குதளம் மாறும்போது கண்முன் தோன்றும் முகங்கள் பெரும்பாலும் பழகியவையாகவே இருக்கும்.

அடுத்த வேலை நகல் எடுத்தல். இதில் சிக்கனம் கூடாது. கோப்புகள், ஒளிப்படங்கள், உலாவியில் சேமித்த பாஸ்வேர்டுகள், கணக்கு மென்பொருளின் தரவு ஆகிய அனைத்தையும் வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பதிந்து, அதனை வேறொரு கணினியில் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பார்க்கப்படாத நகல் நகலாகாது. விண்டோஸ் சில கணினிகளில் வட்டினை உரியவருக்குத் தெரியாமலே மறையாக்கம் செய்து வைத்திருப்பதுண்டு. பிட்லாக்கர் எனப்படும் இவ்வமைப்பின் 48 இலக்க மீட்பு எண்ணை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்ளாதவர், கணினியின் தொடக்க அமைப்பை மாற்றிய மறுகணமே தம் கோப்புகளிலிருந்து வெளியே தள்ளப்படலாம். விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைத்துக்கொள்ள விரும்புவோர் விண்டோஸின் பாஸ்ட் ஸ்டார்ட்டப் என்னும் வசதியை நிறுத்துதலும் அவசியம். அது கணினியை முழுவதும் அணைக்காமல் அரைத் தூக்கத்தில் வைக்கிறது. அந்நிலையில் லினக்ஸ் அவ்வட்டினைப் படிக்குமேயன்றி அதில் எழுத மறுக்கும். பல புதியவர்கள் இதனைப் பழுதென்று கருதிக் கலங்குகின்றனர்.

நிறுவுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வசதி லினக்ஸின் சிறப்புகளுள் ஒன்று. தொகுப்பை ரூபஸ் அல்லது வென்டாய் போன்ற மென்பொருளால் 8 ஜிகாபைட் பென் டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து தொடங்கினால் வட்டினைத் தொடாமலே லினக்ஸ் இயங்கும். டெல், லெனோவோ மடிக்கணினிகளில் எப்12 விசையும், எச்.பி. கணினிகளில் எஸ்கேப் விசையும் தொடங்கும் சாதனத்தைத் தேர்ந்தெடுக்க உதவும். இந்நிலையில் வைபை இணைகிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, அச்சுப்பொறி அச்சிடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிராட்காம் நிறுவனத்தின் வைபைச் சில்லு உடைய கணினிகளில் இணைப்பு உடனே கிட்டாது. உரிய இயக்கியை இறக்கிக்கொள்ள இணையம் வேண்டும், இணையத்துக்கு இயக்கி வேண்டும் என்னும் சுழலில் சிக்காமல், கைபேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் வழியாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு மாலைப்பொழுது இச்சோதனையில் செலவிடப்படுமாயின் பின்னால் வரும் பத்து மாலைகள் மிஞ்சும்.

எத்தொகுப்பைத் தேர்வது என்பது பற்றி முடிவற்ற வாதங்கள் நடைபெறுகின்றன. அவற்றில் புதியவர் கலந்துகொள்ள வேண்டியதில்லை. அருகில் உதவக்கூடியவர் எதனை அறிவாரோ அதுவே சிறந்த தொகுப்பு. கேரளப் பள்ளிகளின் சூழலில் அது உபுண்டுவும் அதன் வழிவந்தவையுமே. 4 ஜிகாபைட் நினைவகத்துக்குக் குறைவாக உடைய கணினிக்கு உபுண்டு கனமாக இருக்கும். 2 ஜிகாபைட்டிலும் இயங்கக்கூடிய லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எப்.சி.இ. வகை அதற்கு ஏற்றது. லினக்ஸை நிறுவியவுடன் கணினி குதிரையாகிவிட்டது என்று சிலர் கூறுவதில் பாதி உண்மை, அதே சமயத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கை அகற்றி எஸ்.எஸ்.டி. பொருத்தியதனால் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இயன்றவர் இரண்டையும் செய்வதே நன்று.

தமிழில் எழுதுவோர்க்கு இம்மாற்றத்தின் கடுமையான பகுதி வேறிடத்தில் உள்ளது. யூனிகோடு முறையில் எழுதப்பட்ட தமிழ் எவ்வியங்குதளத்திலும் தமிழாகவே தோன்றும். ஆனால் பதினைந்து இருபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த வினாத்தாள்களும் அறிக்கைகளும் பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களிலோ, சீடாக் நிறுவனத்தின் ஐ.எஸ்.எம். மென்பொருளிலோ அமைந்திருக்கக் கூடும். அவற்றின் உள்ளே இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களே. எழுத்துரு அவற்றின்மீது தமிழ் வடிவைப் போர்த்துகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். கோப்பு கெட்டுவிட்டதென்று அதனை அழித்துவிடுதல் கூடாது. அவ்வெழுத்துருவையே லினக்ஸிலும் நிறுவிப் படிக்கலாம். எனினும் யூனிகோடுக்கு மாற்றி வைப்பதே நிலைத்த பரிகாரம். 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது முதலே இம்மாற்றம் ஒத்திப்போடப்பட்டு வரும் கடன். இயங்குதள மாற்றம் அக்கடனைத் தீர்க்க ஒரு தருணம்.

யூனிகோடில் அமைந்தவற்றிலும் ஒரு சிறு தொல்லை உண்டு. விண்டோஸில் லதா என்னும் எழுத்துருவில் அமைத்த வினாத்தாள், அவ்வெழுத்துரு இல்லாத லினக்ஸில் லோகித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருவில் தோன்றும். எழுத்துகளின் அகலம் வேறுபடுவதால் இரண்டு பக்கத்தில் அடங்கிய தாள் மூன்றாம் பக்கத்துக்கு நழுவும். பொருத்துக வினாவின் அட்டவணை இரண்டாகப் பிளவுபடும். அச்சிடக் கொடுக்கும் ஆவணங்களை பி.டி.எப். ஆக மாற்றிக் கொடுப்பது இதற்கு எளிய வழி. புதிதாக எழுதுபவற்றை நோட்டோ போன்ற கட்டற்ற எழுத்துருவிலேயே அமைத்தால் எக்கணினியிலும் அதனை நிறுவிக்கொண்டு ஒரே தோற்றத்தில் காணலாம்.

விசைப்பலகை பற்றிய அச்சம் மட்டும் தேவையற்றது. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டில் உருவான தமிழ்99 அமைப்பும், மைய அரசின் தரமாகிய இன்ஸ்கிரிப்ட் அமைப்பும், தட்டச்சுப் பயின்றோருக்குரிய பழைய அமைப்பும், ஆங்கில ஒலிப்பு வழி அமைப்பும் லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையுடன் எம்17என் தொகுப்பைச் சேர்த்தவுடன் கிடைக்கின்றன. மெனுக்களையும் தமிழில் அமைத்துக்கொள்ளலாம். அவற்றின் மொழிபெயர்ப்பு ஒருபடித்தானது என்று கூறுவதற்கில்லை. பல காலங்களில் பல தன்னார்வலர் செய்தமையால் ஒரே கட்டளைக்கு ஒரு பலகத்தில் ஒரு சொல்லும் மறு பலகத்தில் வேறு சொல்லும் வழங்குவதுண்டு. பிழை காண்பவர் அதனைத் திருத்தி அனுப்ப வழி திறந்திருக்கிறது என்பது வேறு மென்பொருளில் இல்லாத வசதி. தமிழாசிரியர்கள் இதில் கை வைப்பார்களாயின் சில ஆண்டுகளில் நிலைமை மாறும்.

லினக்ஸால் இயலாதவற்றையும் மறைத்தல் நேர்மையாகாது. இலக்கமுறைக் கையொப்பத்துக்குரிய யு.எஸ்.பி. சாதனங்களும், ஆதார் சரிபார்ப்புக்கான கைரேகைக் கருவிகளும் பெரும்பாலும் விண்டோஸையோ ஆண்ட்ராய்டையோ கருதியே வழங்கப்படுகின்றன. சிலவற்றுக்கு லினக்ஸ் இயக்கிகள் உள்ளன, பலவற்றை இணைப்பது புதியவர் செயலன்று. இந்திய அலுவலகங்களில் எங்கும் காணப்படும் கேனன் எல்.பி.பி. 2900 என்னும் அச்சுப்பொறியை லினக்ஸில் இயக்குவதும் பொறுமையைச் சோதிக்கும் காரியம், எச்.பி. நிறுவனத்தின் அச்சுப்பொறிகள் பெரும்பாலும் இணைத்தவுடனே இயங்கும். ஊதியப் பட்டியலில் கையொப்பமிடும் பொறுப்புள்ள தலைமையாசிரியரோ அலுவலரோ, அவ்வேலைக்கென விண்டோஸ் 11 உள்ள கணினி ஒன்றை அலுவலகத்தில் வைத்துக்கொண்டு பிறவற்றை மாற்றுவதே விவேகம். 2015-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மைய அரசு தன் துறைகளில் திறந்த மூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை வெளியிட்டது. கொள்கை வெளியிட்ட அரசின் சேவைகளே ஒரு நிறுவனத்தின் இயங்குதளத்தை எதிர்பார்த்து நிற்பது பொருந்தாத நிலை. கருவிகளை வாங்கும் ஒப்பந்தங்களில் லினக்ஸ் இயக்கியும் அளிக்கப்பட வேண்டும் என்னும் ஒரு வரியைச் சேர்த்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். அவ்வரியைச் சேர்க்கும் அதிகாரம் களப்பணியாளரிடம் இல்லை, மேலிடத்திலேயே உள்ளது.

களப்பணியாளர் சிலருக்கு இம்மாற்றம் புதிய ஆற்றலையும் தரும். நிலப்படம் வரையும் க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் 2002-இல் தொடங்கப்பெற்றது. விலைகொடுத்து வாங்கும் படமென்பொருள்களுக்கு நிகராக இன்று வளர்ந்துள்ளது. அது விண்டோஸிலும் இயங்கும். லினக்ஸில் தொகுப்பகத்திலிருந்து ஒரே கட்டளையில் நிறுவப்படும். கேரளத்தின் பத்தாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் அது இடம்பெற்றதுண்டு. மறையூர்ச் சந்தனக் காட்டின் எல்லைகளையோ, வட்டவடையின் படிக்கட்டு வயல்களையோ, 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்தாக அமைக்கப்பட்ட இடமலைக்குடியின் குடியிருப்புகளையோ படத்தில் குறிக்க வேண்டிய பணியாளர், அதனை ஒரு முன்னாள் பள்ளி மாணவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதிலும் ஒரு கருத்து உண்டு. நிறுவும் முறையைத் திரையில் காட்டி விளக்கும் கூட்டங்களால் பயன் சிறிது. ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணினியையும் தம் கோப்புகளின் நகலையும் கொண்டுவந்து, லிட்டில் கைட்ஸ் மாணவர் இருவர் துணையுடன் தாமே நிறுவிச் செல்லும் முகாம்களே வேண்டும். வழிகாட்டும் குறிப்பு தமிழ், மலையாளம் இரண்டிலும் அச்சிட்டுக் கையில் தரப்படுதல் நலம். கணினி தொடங்க மறுக்கும் வேளையில் கணினிக்குள் இருக்கும் குறிப்பினால் என்ன பயன்? முகாமுக்குப் பிந்திய மூன்று மாதங்களுக்கு விண்டோஸை அகற்றாமல் லினக்ஸுடன் சேர்த்து வைத்திருத்தல் ஏற்கத்தக்கதே. ஆனால் சிறு தொல்லை வந்தபோதெல்லாம் பழையதற்குத் திரும்புபவர் புதியதைக் கற்பதில்லை. திரும்ப நேர்ந்த காரணத்தை ஒவ்வொரு முறையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், மூன்றாம் மாத முடிவில் அப்பட்டியலே விண்டோஸை வைத்திருப்பதா, விலக்குவதா என்பதைத் தெரிவிக்கும்.

இம்முகாம்களை ஏப்ரல், மே விடுமுறையில் நடத்திவிட வேண்டும். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இம்மலைகளில் மரம் விழுந்து மின்சாரம் தடைப்படுவது வழக்கமாகிவிடும். பழைய மடிக்கணினிகள் பலவற்றின் மின்கலம் ஐந்து நிமிஷம்கூடத் தாங்குவதில்லை. வட்டின் பகுதிகளை மாற்றி எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் பழைய இயங்குதளமும் இராது, புதியதும் இராது. பள்ளியில் யு.பி.எஸ். இருக்குமாயின் நிறுவும் வேலையை அதன் அருகிலேயே வைத்துக்கொள்ளலாம்.